ஆறாந்தட்டும் ஒதுக்கிவைத்த கத்தரிக்காயும்

கோலாலம்பூரில் சமையல்காரர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் உயிரோடு இருப்பவர்களுக்கும் செத்துப்போனவர்களுக்கும் ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில், தினமும் ராத்திரிச் சாப்பாடு போட்ட மனிதர் இந்த மலாயா முழுக்க ஒருத்தர்தான் இருந்தார். அவர் எங்கள் வீட்டில் இருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவருக்குப் பெயர் ஆறாந்தட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அவரிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

"வேலைக்குப் போயிட்டு வந்து, இருட்டுன பெறகு என்னத்தச் சமைக்கிறது? பிள்ளைங்க ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு நாக்கு" என்று பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் படிக்கும் தாய்மார்கள் என்னைப் பார்க்கும் இடத்திலெல்லாம் பிடித்துக்கொள்கிறீர்கள். கோயில் பிராகாரத்தில்கூட விடுவதில்லை. சுலபமான வழி ஒன்று எனக்குத் தெரியும். சொன்னால் பயந்துவிடுவீர்களே என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் இருக்கும்போது படியுங்கள்.

முப்பதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. அம்மா மருத்துவச்சி. பிரிக்ஃபீல்ட்ஸில் பிறக்கிற குழந்தைகளெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் பிறக்கும். அம்மா அரிசியைக் களைந்து உலையில் போடக் கையைத் தூக்குவாள், வாசலில் ஒருத்தன் மூச்சிரைக்க வந்து நிற்பான். "அக்கா, வலி எடுத்திருச்சு!" அம்மா அரிசியை அப்படியே வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அப்புறம் அப்பா சமைப்பார். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, பாவம், நல்ல மனிதர்.

நாங்களாவது போட்டதைத் தின்றோமா? அதுவும் கிடையாது. அண்ணன் வேலுவுக்குச் சோற்றின் மேல் குழம்பு படக்கூடாது. பட்டால் அந்தத் தட்டையே தொடமாட்டான். எனக்குப் பச்சையாக எது மிதந்தாலும் குமட்டும், கறிவேப்பிலையைப் பார்த்தாலே பூச்சியைப் பார்த்த மாதிரி அலறுவேன். தங்கை செல்லம் இருக்கிறாளே, ஐந்து வயது, அவளோடு ஒப்பிட்டால் நாங்கள் இரண்டு பேரும் சாமியார்கள். அவள் எதையுமே தின்னமாட்டாள். அப்பா மடியில் வைத்துக்கொண்டு கெஞ்சுவார். வேலு குரங்கு மாதிரி ஆடிக் காட்டுவான். நான் "ஒரே ஒரு வாய்டி" என்று கையில் உருட்டிக்கொண்டு நிற்பேன். குடும்பமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவள் மட்டிச் சிப்பி மாதிரி வாயை இறுக்கி மூடிக்கொண்டு எங்களைப் பார்ப்பாள். கடைசியில் அப்பாவுக்குக் கோபம் வந்து, "போ, போய்ப் படு!" என்பார். அவளும் நிம்மதியாக எழுந்து, சமையல்கட்டை ஒட்டிய சின்ன அறைக்குப் போய்ப் பாயில் சுருண்டுகொள்வாள்.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில், பின்வாசலில் ஓர் ஆள் நின்றார். வந்த சத்தமே இல்லை. நெட்டையாக, ஒடிந்து விழுகிற மாதிரி ஒல்லியாக, தோய்த்த வெள்ளை வேட்டியில் நின்றார். கண்ணைச் சிமிட்டுவதே இல்லை. அம்மா பயத்தில் முறத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"சமையலுக்கு ஆள் வேணும்னு சொன்னாங்க" என்றார்.

அப்பாதான் யாரிடமோ சொல்லிவைத்திருந்தார். அம்மா சுதாரித்துக்கொண்டு, "ஆமாங்க, வாங்க" என்றாள்.

"வீட்டுல எத்தன பேரு?"

"அஞ்சு பேருங்க."

"தட்டு ஆறு இருக்கா?"

அவரும் சாப்பிட வேண்டுமே, அதற்காகத்தான் கேட்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நீல விளிம்பு வைத்து எனாமல் பூசின மங்குத் தட்டு ஆறு இருந்தது. அதோடு எங்கள் தலையெழுத்து மாறியது.

டெங்கில் பக்கம் ஏதோ ஒரு ரப்பர்த் தோட்டத்தில், துரை பங்களாவில் சமைத்தவர் அவர். ஏன் அங்கிருந்து வந்தார் என்பதைக் குவார்ட்டர்ஸில் கதை கதையாகச் சொன்னார்கள். துரையும் துரைசாணியும் இரண்டே பேர் சாப்பிடும் மேசையில் தினமும் மூன்றாவது தட்டு இருந்ததாம். "விருந்தாளி யார்?" என்று ஒரு நாள் துரைசாணி கேட்க, "செத்துப்போன என் தம்பிங்கம்மா" என்றாராம் இவர். அந்த அம்மாள் அடுத்த கப்பலிலேயே சீமைக்குப் போய்விட்டாள் என்றார்கள். நான் நம்புகிறேன்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் சமையலில் சூரர். தாய்மார்களே, இந்த இடத்தை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே பானைதான். துவரம்பருப்பு, நாலு பல் பூண்டு, கொஞ்சம் மஞ்சள். பருப்பு குழைந்ததும் முதல் கரண்டியை எடுத்துக் கிண்ணத்தில் வைத்து நெய் விடுவார், அது வேலுவுக்கு. கிண்ணம் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம், ஒன்றை ஒன்று தொடாது. பானையில் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை இறுத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுப் புளி கரைத்து விட்டால் எனக்கு ரசம். வடிகட்டித்தான் தருவார், ஒரு இலை இருக்காது. மிச்சத்தில் முருங்கைக்கீரையும் தேங்காயும் போட்டால் அப்பாவுக்குக் கூட்டு. அடியில் ஒட்டினதைச் சம்பால் மிளகாய் விழுதோடு பிரட்டி, பொரித்த நெத்திலியை மேலே தூவி மூடிவைத்தால், எந்த வீட்டுப் பிரசவத்தை முடித்துவிட்டு எப்போது வந்தாலும் அம்மாவுக்குச் சுள்ளென்று சாப்பாடு. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். நானும் வேலுவும் முதல் தடவையாக வாயைத் திறக்காமல் சாப்பிட்டோம். குறை சொல்வதற்கு வாயைத் திறக்கவில்லை என்கிறேன்.

செல்லம் மட்டும் அப்படியே இருந்தாள். தேங்காய்ப்பால் சோறு, முட்டை, டின் மீன் என்று ஆறாந்தட்டும் என்னென்னவோ செய்து பார்த்தார். மட்டி திறக்கவே இல்லை.

இனி அந்த ஆறாவது தட்டு. எங்களுக்குப் போடுவதற்கு முன்னால் அதில்தான் முதலில் போடுவார். எல்லாவற்றிலும் ஒரு கரண்டி, அதோடு எண்ணெயில் சுருள வதக்கிய கத்தரிக்காய். அது அந்தத் தட்டுக்கென்றே தனியாகச் செய்வது. சமையல்கட்டின் மூலையில் ஒரு மணையைப் போட்டு, அதன் முன்னால் தட்டை வைப்பார். வெறும் மணையைப் பார்த்துப் பேசுவார்.

"வா ராசா, உக்காரு. இன்னிக்கு நெத்திலி நல்லா முறுகலா இருக்கு. உப்பு சரியா?"

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்பார். "சரி சரி, நாளைக்குக் கொறச்சுக்கிறேன்."

அடுத்த நாள் உண்மையாகவே உப்பு குறைந்திருக்கும். அப்புறம் விளக்கை எடுத்துக்கொண்டு, கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் வருவார். செத்தவர்களுக்குப் படையல் போட்டால் நாம் அங்கே நிற்கக்கூடாது, வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. நாம் வருஷத்துக்கு ஒரு தடவை செய்வதை அவர் தினமும் செய்தார், அவ்வளவுதான்.

அவர் தம்பி பெயர் சின்னான். அண்ணனும் தம்பியும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அண்ணனைப் பங்களாவுக்கும் தம்பியை வேறொரு தோட்டத்தில் பால்மரம் வெட்டவும் அனுப்பிவிட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்து ஆட்கள் வந்து, "சின்னான் காய்ச்சல்ல போயிட்டான், பொதச்சாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு வைக்க ஆரம்பித்த தட்டு.

"அவனுக்குக் கத்தரிக்காய்னா உசுரு. நான்தான் சின்ன வயசுல ஊட்டி ஊட்டி வளத்தேன்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் கண் சிமிட்டும்.

அது வரைக்கும் தாங்கிக்கொண்டோம். அவர் வந்து கொஞ்ச நாளில், கதவைத் திறந்தால் தட்டில் சோறு குறைந்திருந்தது.

"எம்புட்டு வருசமா வெக்கிறேன்! காலைல எடுத்துக் காக்காய்க்குத்தான் போடுவேன். இங்கதான்யா எந்தம்பி கை நனைச்சிருக்கான்!" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா, "ரொம்பச் சந்தோசம்" என்றார்.

தினமும் குறைந்தது. நெத்திலி காணாமல் போனது. முட்டை காணாமல் போனது. கத்தரிக்காய் மட்டும் ஒரு துண்டு விடாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருக்கும். அதுதான் அவரை அரித்தது. "எம்மேல கோவமா இருக்கான். சாவும்போது நான் பக்கத்துல இல்லியே, அதான்" என்று மறுநாள் இன்னும் நிறைய எண்ணெய் விட்டு வதக்குவார். அதையும் தம்பி ஒதுக்கிவைப்பார்.

வேலுவுக்கு எங்கள் வீட்டுப் பூனை மேல் சந்தேகம். பூனையைக் கூடத்துத் தூணில் கட்டினான். சோறு குறைந்தது. எலியாக இருந்தால் நெத்திலியைத் தின்றுவிட்டு ரசத்தைக் குடிக்குமா? ரசமும் குறைந்திருந்தது. ஒரு நாள் அவன் யாருக்கும் தெரியாமல் மணையைச் சுற்றி அரிசிமாவைத் தூவிவைத்தான். "கால் தடம் தெரியும்ல?" என்று என்னிடம் கிசுகிசுத்தான். கதவு திறந்ததும் நாங்கள் இருவரும் முண்டியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம்.

கால் தடமே இல்லை. சின்ன அறைப் பக்கம் தொங்கும் சாக்குத் திரையிலிருந்து மணை வரைக்கும், எதையோ அகலமாகத் தரையோடு இழுத்துக்கொண்டு போன மாதிரி மாவு கலைந்து கிடந்தது. மறுபடி அதே வழியில் திரும்பியிருந்தது.

"பேய்க்குக் கால் கெடையாதுடி" என்றான் வேலு. அன்றிலிருந்து இருட்டினால் சமையல்கட்டுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நாங்கள் போனதில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு விபரீதம். ஒரு வாய்கூடச் சாப்பிடாத செல்லம் பூசினாற்போல் ஆகிக்கொண்டு வந்தாள். கன்னம் உப்பியது. பாவாடைக் கட்டை அம்மா தளர்த்திவிட வேண்டியிருந்தது. எதிர் வீட்டுப் பொன்னம்மா அக்கா ஒரு நாள் அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சுட்டுக்கொண்ட மாதிரி இறக்கிவிட்டாள்.

"ஏண்டி, இது ஏதாச்சும் சாப்புடுதா?"

"எங்கக்கா? தண்ணி குடிச்சாப் பெரிசு" என்றாள் அம்மா.

"அப்ப இந்த வெயிட்டு எங்கேருந்து வருது? யோசிச்சுப் பாரு லா. அந்தத் தட்டுல உள்ளது ஊட்டுதுடி பிள்ளைக்கு. ஊட்டிப் பழக்கி, கூடவே கூட்டிட்டுப் போயிடும்."

அம்மா அன்றைக்கு ஒரு பிரசவத்துக்குக்கூடப் போகவில்லை. அவள் மருத்துவச்சி, எத்தனையோ சாவைப் பார்த்தவள், சட்டென்று பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அவள் பார்க்கும்போதே செல்லம் படுக்கையில் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு சிரித்தாளாம், தூக்கத்தில். அப்பாவிடம் சொல்லி அழுதாள்.

அப்பா ஆறாந்தட்டைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அந்தத் தட்ட மட்டும் நிறுத்திக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அய்யா, எனக்குச் சம்பளம் வேணாம். தட்ட நிறுத்தச் சொல்லாதீங்க. எந்தம்பி வேற எங்கயும் சாப்புடலீங்களே."

அப்பாவுக்கு அவரை விரட்டவும் மனசு வரவில்லை, பிள்ளையை அந்த வீட்டில் வைத்திருக்கவும் துணிவு வரவில்லை. கடைசியில் பிள்ளையை அனுப்புவது என்று முடிவானது. பொன்னம்மா அக்கா குடும்பம் ஊருக்குப் போகிறது. போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேறி நாகப்பட்டினம். அவர்களோடு செல்லம் போய், அப்பாவின் அக்கா வீட்டில் வளர்வாள். எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளை எங்கள் வீட்டு வரிசையிலேயே எனக்குத் தெரியும். நான் அவளோடு ஒரே பாயில் படுப்பவள். அந்த வாரம் முழுக்க அவள் பாவாடை நுனியை என் கையில் முடிந்துகொண்டுதான் தூங்கினேன்.

புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம். மழை பிடித்துக்கொண்டது. செங்கல் சூளைப் பக்கத்துக் களிமண் பள்ளங்களெல்லாம் நிரம்பி வழிந்தன. வாசலில் செல்லத்தின் டிரங்குப் பெட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு துணி மூட்டை.

"பிள்ள எங்கயும் போக வேணாங்கய்யா. நான் போயிடறேன்" என்றார் ஆறாந்தட்டு. "இன்னிக்கு ஒரு தடவ மட்டும் வெச்சுக்கிறேன். தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கணும்."

மழைக்கு ஒதுங்கியிருந்த பொன்னம்மா அக்காவால் சும்மா இருக்க முடியுமா? "நீ போனா அதுவும் ஒங்கூடவே வந்துருமா? வீடு பழகிப்போச்சுல்ல!" என்றாள். ஆக, இருட்டினால் விடியும், விடிந்தால் இந்த வீட்டிலிருந்து யாரோ ஒருத்தர் போகப்போகிறார்கள். ஒருவேளை இரண்டு பேருமே.

அன்றைக்கு அவர் சமைத்த மாதிரி நான் பார்த்ததில்லை. ஆறாவது தட்டில் இருந்ததையெல்லாம் போட்டார். மணைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ராசா, அண்ணன் வேற எடம் போறேன். நீ தேடி வருவியோ மாட்டியோ தெரியல. இன்னிக்காச்சும் அந்தக் கத்தரிக்காயத் தின்னுடா. எம்மேல கோவம் இல்லேன்னு நெனச்சுக்கிறேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்து எங்களுக்குப் பரிமாறினார். ஏதோ ஞாபகத்தில் வேலுவின் சோற்றிலேயே குழம்பை ஊற்றிவிட்டார். வேலு அதை அப்படியே சாப்பிட்டான், மூச்சு விடவில்லை. செல்லம் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டாள். யாரும் அவளை அதட்டவில்லை. தானாகவே எழுந்து படுக்கப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. கறுக், மொறுக்.

நெத்திலி கடிக்கிற சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம். அத்தனை நாளில் சோறு குறைந்ததே தவிர, சாப்பிடுகிற சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. இது சின்னச் சத்தமும் இல்லை. பெரிய பல்லுக்கு நடுவில் நொறுங்குகிற சத்தம். பொன்னம்மா அக்கா முருகா முருகா என்று என் தலையைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஓர் ஏப்பம் வந்தது.

ஆறாந்தட்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது. "வந்துட்டான்" என்றார்.

அப்பா அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். மணையில் ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. தலையிலிருந்து அடி வரை சாம்பல் நிறம். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகத்தில் வாயும் கண்ணும் மட்டும்தான் தெரிந்தன. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி ஆறாந்தட்டைப் பார்த்தது.

"ஏண்ணே, நீ இன்னும் இந்தக் கத்தரிக்காய விடலியா?"

ஆறாந்தட்டு வேரோடு சாய்கிற வாழை மாதிரி விழுந்தார். அம்மா அவரைத் தாங்கினாள். பொன்னம்மா அக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலு மட்டும், சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் அவன் வீரன் என்று எனக்குத் தெரிந்தது, விளக்கைப் பிடுங்கிக்கொண்டு கிட்டே போனான்.

"கால் எங்க? கால நீட்டு!"

அந்த உருவம் ஒன்றும் புரியாமல், மடக்கியிருந்த இரண்டு காலையும் விளக்குக்கு நேராக நீட்டியது. சேறு அப்பின, நகம் பெயர்ந்த, அசல் மனிதக் கால்.

"கால் இருக்கு! அப்பா, கால் இருக்கு!" வேலு கத்தினது ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

சின்னான் சாகவே இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் அடி தாங்காமல் ஓடிப்போனவன். கங்காணி தேடி வரக்கூடாதே என்று கூட இருந்தவர்கள் அவனைக் காய்ச்சலில் சாகடித்து, ஒரு மண்மேட்டையும் காட்டிவிட்டார்கள். ரகசியம் கசியக்கூடாது என்று அண்ணனிடமும் அதையே சொல்லிவைத்தார்கள். அவன் ஈப்போவில் ஈயச் சுரங்கம், சயாம் எல்லைப் பக்கம் ரயில்பாதை என்று சுற்றிவிட்டு, இப்போதுதான் தேடி வந்திருக்கிறான். "பங்களாவுல கேட்டேன். யாரு, தட்டு வெக்கிற கிறுக்கனா, பிரிக்ஃபீல்ட்ஸ் போயிட்டானேன்னாங்க" என்றான். வழியில் மழையில் களிமண் பள்ளத்தில் விழுந்து எழுந்ததால்தான் அந்தக் கோலம். "பின்வாசல் தொறந்திருந்துச்சு. கூப்புட்டேன், மழையில யாருக்கும் கேக்கல. மண போட்டு, தட்டு வெச்சு, சோறு ஆவி பறக்குது. யாரோ நமக்குத்தான் வெச்சிருக்காங்கன்னு உக்காந்துட்டேன்."

"ஒனக்குத்தான்டா வெச்சேன்!" என்று ஆறாந்தட்டு அவன் சேற்றுத் தலையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "ஒனக்குத்தான்டா இத்தன வருசமும் வெச்சேன்! கத்தரிக்காய்னா ஒனக்கு உசுருன்னு..."

"கத்தரிக்காயா? எனக்கு ஆவவே ஆவாதேண்ணே! சின்னதுல நீ அடிப்பியேன்னு பயந்துக்கிட்டுத் தின்னேன்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். பொன்னம்மா அக்காகூடச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்த ஆறாந்தட்டு திடீரென்று நிறுத்தினார். தட்டைப் பார்த்தார், மணையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

"தம்பி உசுரோட இருக்கான். அப்ப இத்தன நாளா இங்க சாப்புட்டது யாரு?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது, விளக்கு வெளிச்சம் எட்டாத பக்கத்தில், சாக்குத் திரை அசைந்தது. தரையோடு தரையாக ஏதோ தேய்த்துக்கொண்டு நகர்கிற சத்தம். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

திரைக்கு அடியிலிருந்து, உட்கார்ந்தபடியே, பாவாடையால் தரையைப் பெருக்கிக்கொண்டு செல்லம் வந்தாள். காலி தட்டைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. ஓவென்று ஒரு அழுகை.

"அது என் தட்டு! அந்த ஆளு என் சோத்தத் தின்னுட்டாரு!"

வேலு விளக்கைக் கீழே வைத்துவிட்டான். அம்மா ஓடிப்போய் அவளை வாரி எடுத்து, "நீயாடி? நீதானாடி?" என்று முத்தமாகக் கொடுத்தாள். "எங்ககூட உக்காந்து சாப்புட்டா என்னடி ஒனக்கு?"

செல்லம் தேம்பிக்கொண்டே சொன்னாள். "நீங்க எல்லாரும் என் வாயவே பாக்குறீங்க. அந்தத் தட்ட யாரும் பாக்க மாட்டாங்க. மாமா அதுகிட்ட மட்டும் உப்பு சரியான்னு கேக்குறாரு. என்கிட்ட யாரும் கேக்கல."

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த அவள் துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட்டார். அப்புறம் பக்கத்திலிருந்த மூட்டையையும் அவிழ்த்து, அந்த வெள்ளை வேட்டிகளையும் அதே கொடியில் போட்டார்.

ஆறாந்தட்டு இன்னொரு தட்டை எடுத்தார். கூடத்தில் மிச்சமிருந்த சோற்றையும், அம்மா பங்கு நெத்திலியையும் போட்டார். செல்லத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, செத்துப்போன தம்பியிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"உக்காரு ராசாத்தி. உப்பு சரியா?"

செல்லம் யோசித்தாள். "கத்தரிக்காய் வேணாம்" என்றாள்.

"சரி. இனிமே கெடையாது" என்றார். எழுந்து, விளக்கை எடுத்துக்கொண்டு, எங்களையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் தினமும் அதே வழக்கம்தான். மூலையில் மணை, தட்டு, சாத்தின கதவு. சின்னானுக்கு ஏழாவதாக ஒரு தட்டு கூடியது, அவ்வளவுதான். ஒரு நாள் செல்லம் தானாகவே தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று ஆறாந்தட்டு கண்ணாலேயே எங்களை மிரட்டினார். நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். தாய்மார்களே, நான் சொன்ன சுலபமான வழி இதுதான்.

பிறகு அண்ணனும் தம்பியும் கிள்ளானில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார்கள். நாங்கள் போனால் ஆறாந்தட்டு எங்களிடம் காசு வாங்கவே மாட்டார். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், நல்லவேளை, அந்தப் பஞ்சத்தைப் பார்க்கவில்லை. எங்களுக்கு அவர் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. ஆனாலும் ஆடி அமாவாசைக்கு எங்கள் முன்னோர்களுக்கு வைக்கும் இலைகளோடு, நீல விளிம்பு மங்குத் தட்டு ஒன்றையும் செல்லம் வைப்பாள். இப்போது அவளுக்கே எதையும் தின்னாத பிள்ளைகள் மூன்று. தட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "மாமா, உப்பு சரியா?" என்று கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் காத்திருப்பாள். அப்புறம் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்துவாள். உள்ளே எட்டிப் பார்க்க வருகிற பிள்ளைகளை நான்தான் இழுத்து நிறுத்துவேன். அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.